துறைமுகத்துப் பசி

பினாங்கில் காலை ஏழு மணிக்கே மீன்தலைக் குழம்பு கொதித்து இறங்கிவிடுகிறது. ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீதிகளில் வீட்டு முகப்புகளை ஒட்டிக் கூரை போட்ட நடைபாதை ஓடும். இங்குள்ள தமிழர்கள் அதை அஞ்சடி என்கிறார்கள். அப்படியொரு அஞ்சடியில் வரிசை நின்றிருந்தது. பள்ளிச் சீருடைப் பையனோடு ஒரு மலாய் அம்மா, கழுத்தில் அலுவலக அட்டை தொங்கும் சீன இளைஞர்கள், லாரியைத் தெருவோரம் விட்டுவிட்டு வந்த ஒரு தமிழர். கரண்டி பிடித்திருந்தவரை எல்லோரும் ஒரே மாதிரி “அண்ணே” என்றுதான் கூப்பிட்டார்கள். சீனப் பையன் கூப்பிட்டபோது அதில் கொஞ்சம் ஹொக்கியன் இழுவை இருந்தது, அவ்வளவுதான்.

நாசி கண்டார் என்பது அந்தச் சோற்றின் பெயர். வெள்ளைச் சோற்றைத் தட்டில் கவிழ்த்து, கேட்ட கறித்துண்டை மேலே வைக்கிறார்கள். பொரித்த கோழி, கணவாய், மீன்சினை, வெண்டைக்காய், முட்டை என்று எதுவும் கேட்கலாம். அதற்குப் பிறகுதான் வேலையே ஆரம்பிக்கிறது. அண்ணனின் கரண்டி கோழிக்குழம்பில் ஒரு முக்கு முக்கி வந்து சோற்றின் ஒரு ஓரத்தை நனைத்தது. அப்படியே மீன்குழம்புக்குப் போனது. பிறகு பருப்பு. பிறகு கருகருவென்றிருந்த ஒரு இறைச்சிக் குழம்பு. அந்தக் கருப்பு சோயா சாஸ் தந்தது, சீனச் சமையலிலிருந்து வந்தது. கடைசியில் கணவாய்ச் சாறு கொஞ்சம். “கலந்து ஊத்தவா அண்ணே?” என்று என்னைக் கேட்டார். “நல்லா ஊத்துங்க பாய்” என்றேன். ஐந்து குழம்பும் சோற்றுக்கடியில் ஒன்றாகி ஒரு நிறத்துக்கு வந்தன. எந்தக் குழம்பின் ருசி எங்கே முடிகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஊரில் சாம்பார் வேறு, ரசம் வேறு என்று ஒழுங்காகச் சாப்பிட்டுப் பழகிய நாக்குக்கு முதல் கவளம் திகைப்பாகத்தான் இருக்கும். மூன்றாவது கவளத்துக்கு மேல் வேறு மாதிரிச் சாப்பிட மனம் வராது.

இதைக் கொண்டுவந்தவர்கள் தமிழ் முஸ்லிம்கள். ராமநாதபுரத்துச் சீமையிலிருந்தும் கடையநல்லூர், தென்காசிப் பக்கமிருந்தும் கப்பலேறி வந்தவர்கள். அப்போது கடை கிடையாது. தோளில் ஒரு தடி, அதன் ஒரு முனையில் சோற்றுக்கூடை, மறுமுனையில் குழம்புச் சட்டிகள். அந்தத் தடிக்குத்தான் மலாயில் கண்டார் என்று பெயர். காவடி தூக்குவதுபோல் அதைத் தூக்கிக்கொண்டு துறைமுகக் கரையோரமாக நடந்தே விற்றார்கள். வாங்கியவர்கள் கப்பலிலிருந்து மூட்டை இறக்கிய கூலிகள். வெயில் ஏறுவதற்குள் வயிறு நிறையச் சோறும் காரமும் உள்ளே போனால்தான் மத்தியானம்வரை முதுகு தாங்கும். இன்றைக்கும் பலருக்கு இது காலைச் சாப்பாடாகவே இருப்பதில் அந்தக் காலத்து உடலுழைப்பின் கணக்கு இருக்கிறது.

பினாங்குக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் சாப்பிடத்தான் வருகிறார்கள். அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் இங்கே தெருவில் கிடைக்கிற எந்தத் தட்டை எடுத்தாலும் அதன் பின்னால் ஒரு கூலிக்காரரோ மீனவரோ படகோட்டியோ நிற்கிறார். அரண்மனைச் சமையலறையிலிருந்து இறங்கி வந்த பண்டம் எதுவும் இந்தத் தெருக்களில் என் கண்ணில் படவில்லை. அவசரமாகவும் மலிவாகவும் பசியாற வேண்டியிருந்த மனிதர்கள், பக்கத்தில் நின்ற வேற்று மனிதனின் கூடையில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்ததில் பிறந்த சாப்பாடு இது. ஒரு நாள் முழுக்க இந்த ஊரைச் சுற்றும்போது எனக்கு இந்த நினைப்பே கூட வந்துகொண்டிருந்தது.

1786 ஆகஸ்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் பிரிட்டிஷ் கொடியை ஏற்றினார். தீவு கெடா சுல்தானுடையது. படையெடுப்பு வந்தால் கம்பெனி காப்பாற்றும் என்ற நம்பிக்கையில் சுல்தான் இடம் கொடுத்தார். கம்பெனி அந்தப் பாதுகாப்பைக் கடைசிவரை தரவில்லை. கார்ன்வாலிஸ் கோட்டையில் பீரங்கிகளுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்களுக்கு இந்த ஏமாற்றையும் யாராவது சொல்ல வேண்டும். காட்டை வெட்ட ஆள் வராததால் லைட் பீரங்கியில் வெள்ளிக்காசைப் போட்டுக் காட்டுக்குள் சுட்டாராம். காசு பொறுக்கப் போனவர்கள் காட்டையும் வெட்டினார்களாம். ஊரார் இதைக் கதையாகச் சொல்கிறார்கள்.

துறைமுகத்தில் சுங்கம் கிடையாது என்றதும் எல்லாத் திசையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஃபூஜியான், குவாங்டோங் கரைகளிலிருந்து சீனர்கள், அச்சேயிலிருந்து மிளகு வணிகர்கள், அரபிகள், ஆர்மீனியர்கள், பர்மியர்கள், சயாமியர்கள். சோழமண்டலக் கரையின் தமிழ் முஸ்லிம்களான சூலியாக்களுக்கு இந்தக் கடல் புதிதல்ல. ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே அவர்கள் கெடாவில் வியாபாரம் செய்துகொண்டிருந்தவர்கள். அவர்கள் பெயரில் சூலியா தெரு இன்றும் நகரத்தின் நடுவே ஓடுகிறது. பினாங்கு மாநில மக்கள்தொகையில் இந்திய வம்சாவளியினர் இன்று பத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. தெருவில் நடக்கும்போது அந்தக் கணக்கு மறந்துபோகிறது.

சாப்பிட்டு முடித்துக் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் சாலையில் வடக்கு முனையிலிருந்து நடக்க ஆரம்பித்தேன். முதலில் புனித ஜார்ஜ் தேவாலயம். 1818இல் கட்டி முடித்தது. வெள்ளைத் தூண்களின் அழகைச் சொல்லும் எல்லோரும், அது கைதிகளின் உழைப்பில் எழுந்தது என்பதையும் சொன்னால் நல்லது. கம்பெனி அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து கைதிகளைக் கப்பலேற்றி இங்கே கொண்டுவந்து சாலை போடவும் கட்டடம் கட்டவும் வைத்தது. இந்தத் தேவாலயத்தோடு தொடர்புடைய ஹட்சிங்ஸ் பாதிரியார் 1816இல் தொடங்கிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில்தான் இந்த நாட்டின் முதல் தமிழ் வகுப்பு நடந்தது. மலேசியத் தமிழர்கள் 2016இல் தமிழ்க் கல்விக்கு இருநூறு ஆண்டு என்று விழா எடுத்தது அந்த வகுப்பை வைத்துத்தான்.

நாலு எட்டு வைத்தால் சீனர்களின் கருணைத் தெய்வம் குவான் யின் கோவில். ஹொக்கியன்காரர்களும் கான்டனீஸ்காரர்களும் சேர்ந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பியது. ஆள் உயர ஊதுபத்திகள் முற்றத்தில் எரிந்துகொண்டிருந்தன. புகையில் கண் கரித்தது. வாசலுக்கு வெளியே சாமந்தியும் மல்லிகையும் தொடுத்து விற்றுக்கொண்டிருந்தவர் ஒரு தமிழம்மா. பின்கொசுவம் இல்லை, நைட்டி மேல் துண்டு. மாலை வாங்கிய சீன மூதாட்டிக்கும் அவருக்கும் மலாயில் பேச்சு நடந்தது. எண்ணிக்கை மட்டும் ஹொக்கியனில். “இன்னிக்கு அமாவாசை மறுநாள். அவங்களுக்கு விசேசம்” என்று என்னிடம் தமிழில் சொன்னார். குவான் யின்னை வணங்கும் சீனர்களில் பலர் மாட்டிறைச்சியைத் தொடுவதில்லை. தமிழ் இந்துக்களும் அப்படி. முஸ்லிம்கள் பன்றிக்கொழுப்பு இருக்கும் கடைப்பக்கம் வருவதில்லை. யார் எதைச் சாப்பிட மாட்டார்கள் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். கூட இருந்து வாழ்வதற்கு அந்த அறிவே பாதி வழி என்று எனக்குப் படுகிறது.

குயின் தெருவில் 1833ஆம் ஆண்டு மாரியம்மன் கோவில். அதைத் தாண்டிப் பினாங்கு தெருவில் நகரத்தார் கோவில் வீடு. தைப்பூசத்துக்கு முதல்நாள் இங்கிருந்துதான் முருகனின் வெள்ளித்தேர் புறப்பட்டுத் தண்ணீர்மலைப் பக்கம் போகும். 1894இல் வந்த தேர் என்கிறார்கள். வழிநெடுகத் தெருவில் தேங்காய்களை மலைபோல் குவித்து உடைப்பார்கள். அப்படி உடைக்கிறவர்களில் பலர் சீனர்கள். வேண்டுதல் பலித்தால் அடுத்த வருடம் தேங்காய் எண்ணிக்கை கூடும். தைப்பூசத்துக்குப் பினாங்கில் அரசு விடுமுறை. நான் போனது பூசக் காலம் இல்லை. தேர் நிற்கும் கொட்டகையின் மூடிய கதவைத்தான் பார்க்க முடிந்தது.

இந்தப் பினாங்கு தெருவில்தான் ஒரு காலத்தில் செட்டியார் கிட்டங்கிகள் வரிசையாக இருந்தன. பெட்டியடியில் உட்கார்ந்து வட்டிக்கணக்கு எழுதிய பையன்களை ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ படித்தவர்களுக்குத் தெரியும். எனக்கு இந்தத் தெருவைக் காட்டியது முதலில் அந்த நாவல்தான். இன்று அதே முகப்புகளில் புடவைக் கடை, பாத்திரக் கடை, பணம் மாற்றும் கடை. ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு. மூலையில் ஒருவர் இடியாப்பம் விற்றார். இங்கே அதற்குப் புட்டு மாயம் என்று பெயர். தேங்காய்ப்பூவும் பழுப்புச் சர்க்கரையும் வைத்துத் தாளில் மடித்துக் கொடுத்தார். ருசி நம் ஊர் ருசிதான். பெயர் மட்டும் கடல் கடந்து வேறாகியிருக்கிறது.

1801இல் நிறுவப்பட்ட கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் தமிழ் முஸ்லிம் சமூகத்தின் தலைவராகக் கம்பெனி ஏற்றுக்கொண்ட காதர் முகைதீன் என்பவரின் பெயரோடு சேர்ந்தது. கரிய குவிமாடங்கள், சுற்றிலும் புல்வெளி. பெரிய பள்ளிவாசல் என்பதால் எல்லோரும் அதைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். என்னை நிறுத்தி வைத்தது அதிலிருந்து கொஞ்சதூரத்தில் சூலியா தெருவில் இருக்கிற நாகூர் தர்கா. மிகச் சின்னக் கட்டடம். மூலைகளில் குட்டி மினார்கள், பச்சை வண்ணம். தெருப்பக்கச் சுவரை ஒட்டிச் சிறு கடைகள். உள்ளே ஷாகுல் ஹமீது ஆண்டவரின் உடல் இல்லை. அவர் நாகூரில் அடங்கியிருக்கிறார். இது அவர் நினைவுக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே எழுப்பிய தலம். சிங்கப்பூரிலும் இப்படி ஒன்று உண்டு.

நாகூர் ஆண்டவர் கடலோடிகளின் காவலர். புயலில் சிக்கிய மரக்கலங்களைக் காத்தவர் என்பது கரை முழுக்க உள்ள நம்பிக்கை. நாகப்பட்டினத்தில் கப்பலேறும்போது அவரிடம் வேண்டிக்கொண்டு கிளம்பியவர்களுக்கு, இந்தக் கரையில் இறங்கியதும் நன்றி சொல்ல ஒரு இடம் வேண்டியிருந்தது. பாய்க்கப்பல் காலத்தில் மட்டுமல்ல, பிறகு ரஜூலா போன்ற நீராவிக் கப்பல்களில் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்களுக்கும்தான். அவர்களில் இந்துக்களும் இருந்தார்கள். நான் நின்ற நேரத்தில் ஒரு பெரியவர் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தார். ஒரு தமிழ்ப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, நெற்றியில் குங்குமத்தோடு, தலையில் முந்தானையை இழுத்துவிட்டு நின்றார். பெரியவர் குழந்தையின் தலையில் மயிலிறகால் தடவினார். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

ஆர்மீனியன் தெருவுக்குள் நுழைந்தால் கூட்டம் தாங்காது. 2012இல் லித்துவேனிய ஓவியர் எர்னெஸ்ட் ஸகாரெவிச் சுவரில் வரைந்த சைக்கிள் குழந்தைகளோடு படம் எடுக்க வரிசை. அழகான ஓவியம், பார்த்துவிட்டு நகர்ந்தேன். கூ கோங்சி என்ற குலமனையின் கூரைச் சிற்பங்களை மணிக்கணக்கில் பார்க்கலாம். அது 1901இல் எரிந்து 1906இல் மறுபடி கட்டப்பட்டது. ஆனால் பக்கத்துப் பீரங்கித் தெருவின் கதையை அதைவிட முக்கியமாக நினைக்கிறேன். 1867இல் இந்தத் தெருக்களில் பத்து நாள் போலக் கலவரம் நடந்தது. சீனருக்கும் மலாய்க்காரருக்கும் நடந்த சண்டையாக அதை நினைத்தால் தவறு. ஒரு சீன இரகசியச் சங்கத்தோடு சிவப்புக்கொடி முஸ்லிம் சங்கம் சேர்ந்துகொண்டது. எதிரிச் சீனச் சங்கத்தோடு வெள்ளைக்கொடிச் சங்கம். ஆக வெட்டிக்கொண்டபோதுகூட இனம் கலந்தே வெட்டிக்கொண்டார்கள். யார் எந்தத் தொழிலைப் பிடிப்பது, எந்தத் தெரு யாருக்கு என்பதே தகராறு. இந்த ஊரின் கலப்பை வெறும் அன்பின் கதையாகச் சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ்டவுனை 2008இல் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்தது. அதற்கு முன்னால் நடந்த ஒன்று அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பல பத்தாண்டுகள் இங்கே வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. பழைய கடைவீடுகளில் குடியிருந்த கூடைமுடைகிறவர், தகரக் கொல்லர், ஊதுபத்தி செய்கிறவர், பலகாரம் சுடுகிறவர் எல்லோரும் மிகச் சின்ன வாடகையில் காலத்தை ஓட்டினார்கள். வீட்டுக்காரர்களுக்கு அதில் வருமானம் இல்லாததால் இடிக்கவும் இல்லை, புதுப்பிக்கவும் இல்லை. நகரம் பழையபடி தப்பியதற்கு அதுவே பெரிய காரணம். அந்தச் சட்டம் 2000ஆம் ஆண்டு தொடக்கத்தோடு நீங்கியது. வாடகை பல மடங்கு ஏறியது. தலைமுறைகளாக இருந்த குடும்பங்கள் புறநகர் அடுக்குமாடிகளுக்குப் போயின. காலியான வீடுகள் சிலவற்றில் உழவாரக் குருவிகளை விட்டுக் கூடு அறுத்து விற்றார்கள். பிறகு விடுதிகள் வந்தன, காப்பிக் கடைகள் வந்தன. சுவர்கள் காப்பாற்றப்பட்டன. அந்தச் சுவர்களுக்குள் அடுப்பு மூட்டிய மனிதர்களைக் காப்பாற்ற அதே அளவு யாரும் முயலவில்லை. இதை நான் வருத்தத்தோடு எழுதுகிறேன்.

அதனாலேயே கடலோரத்துக் குலத்துறைகள் எனக்கு மனநிறைவு தந்தன. வெல்ட் கரையில் கடலுக்குள் கம்பு நட்டுப் பலகை பரப்பி அதன்மேல் வீடு கட்டியிருக்கிறார்கள். சியூ, லிம், டான், லீ என்று ஒவ்வொரு துறையும் ஒரு குலப்பெயர். ஃபூஜியானிலிருந்து வந்து சரக்குப் படகு தள்ளியவர்களின் வாரிசுகள். நிலத்தில் இடம் இல்லாதவர்கள் நீரில் வீடு கட்டினார்கள். பெரிய துறையான சியூ துறையில் நினைவுப்பொருள் கடைகள் முளைத்துவிட்டன. இருந்தாலும் உள்ளே போகப்போக வீடுகள் வீடுகளாகவே இருக்கின்றன. கதவு திறந்திருந்தது. ஒரு கிழவர் பனியனோடு தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். பலகைச் சந்து வழியே கீழே அலை தெரிந்தது. தண்ணீர் வற்றும் நேரத்துச் சேற்று வாடை, வாசலில் சிவப்புப் பீடம், அதில் மூன்று ஊதுபத்தி. சீனப் புத்தாண்டின் ஒன்பதாம் நாள் மரகதப் பேரரசர் பிறந்தநாளுக்கு இங்கே கரும்பு கட்டி விடிய விடிய வழிபாடு நடக்கும். நமக்குப் பொங்கல் கரும்பு நினைவுக்கு வராமல் இருக்காது.

மத்தியான வெயிலில் பஸ் பிடித்து ஏர் ஈத்தாம் போனேன். அங்கே மலைச்சரிவில் கெக் லோக் சி கோவில். 1930இல் முடிந்த அதன் கோபுரத்துக்கு அடித்தளம் சீனம், நடு சயாம், உச்சி பர்மா. மூன்று நாட்டுக் கட்டடக்கலையை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். படியேறிப் பார்த்துவிட்டு இறங்கினேன். நான் அந்தப் பக்கம் போனதன் நோக்கம் சந்தையோரத்து லக்சா.

அசாம் லக்சாவைத் தமிழ்ச் சமையல்காரர் யாரும் ஐந்து நிமிடம் நின்று பார்க்க வேண்டும். அடிப்படை நம் கானாங்கெளுத்தி மீன்தான். அவித்து முள் எடுத்துப் பிசைந்து அதன் சாற்றிலேயே விடுகிறார்கள். புளிப்புக்குப் புளியும், குடம்புளி இனத்து இன்னொரு காயின் உலர்ந்த துண்டுகளும். தேங்காய்ப்பால் கிடையாது. எலுமிச்சைப்புல், மிளகாய், இஞ்சி இனத்துப் பூமொட்டு ஒன்றின் மணம். கடைக்காரப் பெண்மணி கிண்ணத்தில் பருமனான அரிசி நூடுல்ஸை வைத்து, கொதிக்கும் சாற்றை ஊற்றி, கிண்ணத்தைச் சாய்த்து அண்டாவுக்கே வடித்தார். மறுபடி ஊற்றினார், மறுபடி வடித்தார். நாலைந்து முறை. சூடு நூடுல்ஸின் உள்வரை ஏறிய பிறகே கடைசியாக நிறுத்தி ஊற்றினார். மேலே வெள்ளரி, அன்னாசி, வெங்காயம், புதினா. தனிக் கரண்டியில் தார்போல் கெட்டியான இறால் விழுது. அதைக் கரைத்ததும் புளிப்புக்கு அடியில் ஒரு இனிப்பும் கடல்வாடையும் எழுந்தன. நெற்றி வியர்த்தது. மலாய்க் கைப்பக்குவமும் சீன நூடுல்ஸும் எந்த நாளில் சேர்ந்தன என்று யாரும் குறித்து வைத்திருக்க மாட்டார்கள். மலிவான மீனும் புளியும் இருந்த வீட்டில் சேர்ந்திருக்கும்.

திரும்பி வந்து கெங் குவீ சந்தில் நின்றபடி ஒரு கிண்ணம் செண்டோல். 1936 முதல் இருக்கும் தியோச்சியூ சீனர் கடை அது. சீவிய பனிக்கட்டி, தேங்காய்ப்பால், பச்சைநிற மாவுப் புழுக்கள், சிவப்புப் பயறு, பனைவெல்லப் பாகு. பக்கத்தில் ஜாதிக்காய்ச் சாறும் கிடைக்கிறது. டச்சுக்காரர்களின் வாசனைச்சரக்கு ஏகபோகத்தை உடைக்கக் கம்பெனி மொலுக்கஸ் தீவுகளிலிருந்து கன்றுகள் கொண்டுவந்து இங்கே நட்டது. வல்லரசுகள் சண்டை போட்ட அந்தக் காயின் சதைப்பகுதியைத்தான் இன்று வெயிலுக்குச் சாறாகக் குடிக்கிறோம்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் இந்த ஊரின் உண்மையான சமையல் நேரம். கோப்பித்தியாம் எனப்படும் சீனக் கோப்பிக்கடையின் நடைமுறை தெரிந்தால்தான் இதெல்லாம் புரியும். கடைக்காரர் விற்பது பானம் மட்டும். கோப்பி, தேத்தண்ணி, பார்லித் தண்ணி. கடை வாசலிலும் உள்ளேயும் ஐந்தாறு தள்ளுவண்டிகளுக்கு இடம் வாடகைக்கு விடுவார். ஒவ்வொரு வண்டியிலும் ஒருவர், ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு பண்டம். வருடக்கணக்கில் அதை மட்டுமே செய்கிறவர். நீங்கள் மேசையில் உட்கார்ந்து நாலு வண்டிக்கு நாலு பண்டம் சொல்லலாம். தட்டு வரும்போது அவரவருக்கு வெள்ளியை எண்ணிக் கொடுத்துவிட வேண்டும். ரிங்கிட்டை இங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்றே சொல்கிறார்கள். பெரிய முதல் இல்லாத ஒருவன் ஒரு வண்டி, ஒரு அடுப்பு, ஒரு கைப்பக்குவத்தை வைத்துக் குடும்பத்தை நிறுத்த இப்படி ஒரு ஏற்பாடு இருந்ததால்தான் இத்தனை பண்டங்கள் பிழைத்தன.

சார் கொய் தியாவ் போடுகிற சீனர் தலையில் துண்டு கட்டியிருந்தார். கரி அடுப்பு, கருத்த இரும்புச் சட்டி. ஒரு நேரத்தில் ஒரு தட்டுக்கு மட்டுமே போடுகிறார். பன்றிக்கொழுப்பு உருகியதும் பூண்டு, இறால், தட்டை நூடுல்ஸ், சாஸ். ஓரமாக ஒதுக்கி முட்டை. முளைப்பயறு, பூண்டுத்தழை. சட்டியை இறக்குகிற கணத்தில் கிளிஞ்சல் சதை. அது பாதி வெந்தால் போதும். சட்டியைத் தூக்கிக் குலுக்கும்போது நெருப்பு உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. அந்தப் புகை ருசிக்காகத்தான் இத்தனை வரிசை. கிளிஞ்சல் பொறுக்கியவர்களும் மீனவர்களும் மாலையில் கூடுதல் வருமானத்துக்காகப் போட்ட பண்டம் இது என்று சொல்வார்கள். இரண்டு பேருக்கு ஒன்றாகப் போட்டால் சீக்கிரம் முடியுமே என்று ஒரு வெளியூர்க்காரர் கேட்டார். அவர் தலையை மட்டும் அசைத்து மறுத்துவிட்டு அடுத்த தட்டைத் தொடங்கினார்.

இந்தக் கைகளைப் பற்றித்தான் பினாங்கு இப்போது கவலைப்படுகிறது. தெருக்கடைகளில் உள்ளூர்ப் பண்டங்களை வெளிநாட்டுத் தொழிலாளர்கள் சமைக்கக் கூடாது என்று மாநில அரசு 2014இல் அறிவித்து 2016 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அந்த விதியில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. இந்தச் சாப்பாட்டை உண்டாக்கியவர்களே ஒரு காலத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள்தான். நாசி கண்டார்க் கூடையைச் சுமந்த ராமநாதபுரத்துக்காரருக்கு அன்று யாராவது இப்படித் தடை போட்டிருந்தால் பினாங்குக்கு இன்று அந்தப் பெருமை இல்லை. மிஷலின் கையேடு 2022 முடிவில் முதல் முறையாகப் பினாங்கையும் சேர்த்துக்கொண்டு தெருக்கடைகளையும் பட்டியலிட்டது. வரிசை நீண்டது. ஆனால் காலை நாலு மணிக்கு எழுந்து கரி மூட்டப் பிள்ளைகள் வருவதற்கு வரிசை மட்டும் போதாது. வாடகை கட்டுப்படியாக வேண்டும், வேலைக்கு மரியாதை வேண்டும், முழங்கால் தேய்ந்த பிறகு ஒரு ஓய்வூதியம் வேண்டும்.

பர்மா ரோட்டில் சீனர்கள் ஆப்பம் சுடுகிறார்கள். நம் ஆப்பம்தான், சின்னச் சட்டியில். நடுவில் வாழைப்பழமும் சோளமும் வைத்துச் சுருட்டிக் கொடுக்கிறார்கள். ஒரே நேரத்தில் பல சட்டிகளை வரிசையாக வைத்து, மாவு ஊற்றிச் சுழற்றி, மூடி, அடுத்ததைத் திறக்கும் அந்தக் கையோட்டம் என் பாட்டியின் அடுப்படியை அப்படியே கொண்டுவந்து நிறுத்தியது.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் இன்னொரு கோப்பித்தியாம். முதலாளி சீனர். வாசலில் மீ கோரெங் வண்டி, அதில் ஒரு தமிழ் முஸ்லிம் பெரியவர். சீனரின் மஞ்சள் நூடுல்ஸ், சீனரின் தௌஃபு, அவித்த உருளைக்கிழங்கு, கணவாய்ச் சம்பல், பருப்புவடையை நறுக்கிப் போட்ட துணுக்கு, மேலே எலுமிச்சை. எந்த ஊருக்கும் முழுதாகச் சொந்தமில்லாத, இந்த ஊருக்கு மட்டுமே சொந்தமான தட்டு. முதலாளி அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, பெரியவரைப் பார்த்து மலாயில் ஏதோ சொல்லிச் சிரித்தார். முப்பது வருடமாக ஒரே கூரை, வாடகை ஏற்றியது மூன்றே தடவை என்று பெரியவர் என்னிடம் சொன்னார்.

“ஊர் எதுங்க மாமா?” என்றேன்.

“அத்தா கடையநல்லூரு. நான் பொறந்தது இங்கன. போயிருக்கேன், ரெண்டு மூணு தரம்.”

“உங்களுக்கு அப்புறம் கடை?”

அவர் கரண்டியை நீட்டி வண்டிக்குப் பின்னால் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்த இளைஞனைக் காட்டினார். தங்கச்சி மகனாம். இன்ஜினியரிங் படித்துவிட்டு ஒரு தொழிற்சாலையில் இருந்தவன், வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறான்.

“மீ வதக்க வந்துடுச்சு அவனுக்கு. சம்பல்தான் இன்னும் வரல. இன்னும் ஒரு வருசம் ஆகும்” என்றார்.

“மாமா ஆறு மாசம்னு சொன்னாங்க போன வாரம்” என்றான் அவன், அரைப்பதை நிறுத்தாமல்.

“போன வாரம் நீ உப்பு சரியாப் போட்டிருந்தே” என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டுக்கு எண்ணெய் ஊற்றினார் பெரியவர்.